லெய்சர் என்று கூப்பிடாதே

ஹைஃபா
12.2.1953

அன்புள்ள கித்தெலுக்கு, அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தில் ஆண் குழந்தை என்றதும் அக்கம்பக்கமெல்லாம் கேக் கொடுத்தேன். அடுத்த வரியில்தான் பெயரைப் படித்தேன். லெய்சராம்! உயிரோடிருப்பவர் பெயரை நம் யூத ஜனங்கள் யாராவது குழந்தைக்கு வைப்பார்களா? போனவர்களுக்குத்தானே வைப்போம்? தம்பி போய்விட்டான் என்று உனக்கு யார் சொன்னது? காணாமற்போனவர்களைத் தேடி ரேடியோவில் பெயர் வாசிக்கும்போது நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். போன வாரமும் அவன் பெயரை வாசித்தார்கள்.

அப்பாவைச் சுட்டதை நாமே பார்த்தோம். அவர் பெயரை வை. தம்பியைப் புதைக்காதே.

ஃப்ரூமா

எருசலேம்
1.3.1953

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை யார் ஜாடை என்றுகூட நீ கேட்கவில்லை. “உங்கக்கா அந்த ரேடியோவுக்குத்தான் வாக்கப்பட்டிருக்காங்க” என்று என் வீட்டுக்காரர் நஃப்தாலி கிண்டல் பண்ணுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்குக் கல் வைக்கக் கல்லறை இல்லை. நினைவு விளக்கு ஏற்ற இறந்த தேதி இல்லை. தேதி தெரியாதவர்களுக்கென்று ரப்பிகள் குறித்த தேவேத் மாதப் பத்தாம் நாளிலும் நீ ஏற்றவிடவில்லை. அவனுக்கு அப்போது ஒன்பது வயது, அக்கா. ஜெர்மானியர்களின் முகாமில் ரயிலிலிருந்து இறக்கி அவனை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்று நீயும்தான் பார்த்தாய். பெயரை மாற்ற மாட்டேன்.

உன் கித்தெல்

ஹைஃபா
8.3.1953

கித்தெல்,

வரிசையைத்தான் பார்த்தேன். சாவைப் பார்க்கவில்லை. அந்தப் பெயரோடு என் வாசலை மிதிக்காதே.

ஃப்ரூமா

ஹைஃபா
23.11.1953

கித்தெலுக்கு,

மிதிக்காதே என்றால் கேட்கிற பிறவியா நீ? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பல் டாக்டரிடம் போய்விட்டாய். திரும்பி வந்தபோது என் கண் ஏன் சிவந்திருந்தது என்று கேட்டாயே. வெங்காயம் என்றேன். பொய்.

அவன் மண்ணெண்ணெய் அடுப்பை நோக்கித் தவழ்ந்தான். “டேய் குட்டி” என்றேன், “டேய் பயலே” என்றேன், கேட்கவில்லை. பதறிப்போய், “டேய் லெய்சர், தொடாதடா!” என்று கத்திவிட்டேன்.

சட்டென்று திரும்பினான்.

ரேடியோவில், செஞ்சிலுவைச் சங்கத்தில், துறைமுகத்தில் வந்திறங்கிய கூட்டத்தில் என்று இத்தனை வருஷமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றுதான் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையிலேயே அழுதேன். அவன் என் கண்ணாடியைப் பிடுங்கினான்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீராது. தேவேத் பத்தாம் நாள் குழந்தையோடு வா. விளக்கை நான் வாங்கி வைக்கிறேன். தீக்குச்சியை நீ கிழி. என்னால் முடியாது.

அக்கா