மடி இல்லாத பெண்மான்

கர்த்தரின் கிருபை நிழலில் வாழும் என் ரக்ன்ஹில்டுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

இங்கே வேட்டையில் சுடப்படும் மூஸ் மான்களைச் சோதித்து ஒப்பமிடுவது என் பணி. குட்டியைச் சுடலாம், குட்டியோடு திரியும் தாயைச் சுடலாகாது. தாய் தப்பினால் மந்தை மறு ஆண்டே நிரம்பும். கூட்டில் குஞ்சை எடுத்துத் தாயைப் போகவிடச் சொன்ன வேதக் கட்டளையும் இதுவன்றோ?

நேற்று வேட்டைத் தலைவன் சிக்வால்ட் ஒரு பெண்மானைக் கொணர்ந்தான். பாலூட்டும் தாயா என்று காட்டிக்கொடுக்கும் மடி மட்டும் அதற்கு இல்லை.

“மடி எங்கேப்பா?” என்றேன்.

“நாய் தின்னுருச்சு பெரியவரே. மலட்டு மான்தான். ஜெபம் பண்ணாத நேரமெல்லாம் சந்தேகம்தானா உங்களுக்கு?”

அவன் குழுவினர் எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் நாய் கடித்த இடம் இத்தனை நேராக இருக்குமோ? ஒப்பமிடவில்லை.

இன்று காலை ஒரு குட்டி வந்து, கொட்டகையில் தொங்கிய அந்தப் பெண்மானின் தோலை முகர்ந்து, அதன் கீழேயே நின்றுவிட்டது. சிரிப்பு அடங்கிற்று. அவர்களுடைய வேட்டையை நிறுத்திவிட்டேன்.

கவலைப்படாதே, எவரும் என்னை ஏசவில்லை. உணவு மேசையில் என்னருகே அமர்வதில்லை, அவ்வளவே. கம்பளிக் காலுறையும் நீ சுட்ட ரொட்டியும் அனுப்பு.

தபால் வண்டி வந்துவிட்டது. குட்டிக்காகவும் ஜெபி. தாயின்றி அது பனிக்காலத்தைத் தாண்டாது. அதைச் சுடும் உத்தரவில் நான்தான் ஒப்பமிட வேண்டும்.

உன்,
டூர்லைவ்