சந்தன மரத்தில் கட்டிய முடிச்சுகள்

செஞ்சி
12-4-1964

அன்புள்ள ராஜாராமுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் ஏதோ நடமாட்டமாக இருக்கிறோம். டேராடூனில் நீயும் செந்தாமரையும், அவள் வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், வேறு நினைப்பே எனக்கில்லை. அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று நீ எழுதியது நேற்று வந்தது. நான்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி.

மாசியில் வந்தபோது உன் காட்டிலாகா ஆராய்ச்சிக்கென்று நம் கொல்லை வரப்பில் நிற்கும் சந்தன மரத்தில் பாதிக் கொம்புகளுக்கு வெள்ளைத் துணியில் பை கட்டிவிட்டுப் போனாய். பூச்சி போகாவிட்டால் காய்க்குமா என்று பார்க்கத்தான் பை, பை இல்லாத கொம்புகளில் தேனீ வந்து எத்தனை காய் பிடிக்கிறது என்று நான் எண்ணி எழுத வேண்டும் என்றாய். திருடர்கள் வெட்டியது போக மலையைச் சுற்றி மிச்சம் இரண்டே மரம், ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போனால்தான் விதை, இந்தத் தடவை தவறினால் நாற்றுக்கு வழியில்லை என்றும் சொன்னாய். ஆனால் அனந்தபுரம் சந்தைக்குப் போகிற பெண்கள் உன் பைகளைப் பார்த்துப் பிள்ளை வரத்துக்குக் கட்டிய தொட்டில் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி புடவைத் துணியில் கல்லை முடிந்து கட்டினாள், அப்புறம் கூட்டமே வந்தது. பை இல்லாத கொம்பாகப் பார்த்துக் கட்டினார்கள். பூவெல்லாம் துணிக்குள் நசுங்கிப் போயிற்று, தேனீ சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது, பூ சிவந்து காய் பிடிக்காமலே உதிர்கிறது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை காலையில் அவிழ்க்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டு ரஞ்சிதம் ஓடி வந்து, இன்னா அண்ணி பண்றே, பிள்ளைக்குக் கட்டுனத அவுத்தா உன் மருமவ வயித்துல இருக்கறதுக்கு ஆவுமா என்று கேட்டாள். செந்தாமரைக்கு ஏற்கனவே இரண்டு கரு தங்கவில்லையே. ஆனாலும் அந்தப் பெண்கள் கட்டிய முப்பத்தாறு முடிச்சையும் பிரிக்காமல் கொம்பிலிருந்து மட்டும் கழற்றிக் கூடையில் சுமந்து போய் மேலச்சேரி திரௌபதை அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். அவர்கள் வேண்டுதல் அவளிடமாவது போய்ச் சேரட்டும். மறுநாளே உன் கடிதம் வந்தால் நான் என்ன நினைப்பேன், நீயே சொல்.

இன்று தேனீ வந்திருக்கிறது. ஒரு முடிச்சு மட்டும் மரத்திலேயே இருக்கிறது. செந்தாமரை விட்டுப்போன பழம்புடவையில் கிழித்து நான் கட்டியது. பூ அடர்ந்த கொம்பு அது, தெரிந்தேதான் கட்டினேன், அதனால்தான் மற்றவர்களைத் தடுக்க வாய் வரவில்லை. மூன்று தடவை அவிழ்க்கக் கை வைத்துவிட்டு, அவிழ்க்காமலே கையை எடுத்துக்கொண்டேன்.

அவளை உடனே டாக்டரம்மாவிடம் காட்டு, உப்பைக் குறைக்கச் சொல், பளு தூக்க விடாதே. வீக்கம் வடிந்ததும் தந்தி கொடு. அம்மன் மூன்று பேரையும் காப்பாள். காய்களை எண்ணி எழுதுகிறேன், அந்த ஒரு கொம்பை மட்டும் உன் கணக்கில் சேர்க்காதே.

உன் அம்மா
மீனம்பாள்