வீட்டுக்கு முன்னால் வந்த டிரக்

2025 மார்ச் 11, செவ்வாய், காலை 6:40. நீ டுலூத்தில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு நாள். நாம் வாங்கப்போகும் வீட்டின் பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள்.

கேரின்,

நேற்று வங்கியில் நம் வீட்டுக் கடனைக் கவனிக்கும் மார்லிஸைப் பார்த்தேன். "கையெழுத்து ஆகற வரைக்கும் ஒரு சோபாகூடத் தவணையில வாங்காதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே. நீங்க டிரக்கே வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க," என்றார்.

பழைய டிரக் பனியில் கிளம்பவில்லை. உனக்கே தெரியும்.

மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வங்கிகளின் பொது விதிக்கு உட்பட்ட வீட்டுக் கடனை நமக்குத் தருவார்கள். அதற்கு வீட்டு விலையில் மூன்று சதவீத முன்பணம் போதும். டிரக்கோடு சேர்த்தால் நாம் 51. விதிக்கு வெளியே உள்ள கடனுக்கு இருபது சதவீதம் கேட்கிறார்கள். நம்மிடம் நான்குகூட இல்லை. தினமும் மின்சுமைக் கணக்குப் போடுகிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"டிரக்கைத் திருப்பிக் குடுத்தா?" என்று மார்லிஸிடம் கேட்டேன்.

"கடன் முடிஞ்சதுன்னு எழுத்துல கொண்டாங்க. வாய்ப்பேச்சை ஃபைல்ல வைக்க முடியாது."

இனி செய்யப்போவது:

1. இன்றே டிரக்கைக் கடையில் திருப்பிக் கொடுப்பேன். அதில் வரும் நட்டத்தை ஈடுகட்ட என் மோட்டார் சைக்கிளை விற்பேன்.
2. கடன் முடிந்த கடிதத்தை மார்லிஸிடம் கொடுப்பேன்.
3. சனிக்கிழமை பஸ்ஸில் டுலூத் வருவேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியது தப்பு என்று உன் அக்கா முன்னாலேயே சொல்வேன்.

உன் கணவன்