நீ கூப்பிட்டால் வருவாள்

மார்ச் 2
அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் பஸ் பணிமனையில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டு கொடுத்தவள் இனி பஸ் ஓட்டப் பழகப் போகிறாள். வெளியூரில் தங்கிப் பயிற்சி, கடைசியில் தேர்வு. பணிமனை மெக்கானிக், "அக்கா, ரிவர்ஸ் எடுக்கிறப்ப சொல்லிடுங்க, நாங்க ஓடிடறோம்" என்றாராம். அம்மா விடவில்லை: "நீங்க ஓடுறதைத்தான் தினம் பாக்குறேனே, அஞ்சு மணி அடிச்சா."

அப்பாவும் சிரித்தார். "போயிட்டு வா, யாரு வேணாங்கறா?" பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மார்ச் 8
அம்மா கிளம்பியாயிற்று. அப்பா சமையலறை வாசலில் நின்று, "உப்பு எங்கம்மா இருக்கு?" என்றார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த வீட்டில் இருப்பவர். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நானே போய்ச் சமைத்தும் கொடுத்தேன்.

வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெண்களின் அடிமைத்தனம், மாற மறுக்கும் ஆண்கள். எத்தனை நாடுகளைப் பற்றிப் படித்தாயிற்று. கதவைப் பூட்டும் ஆண்களைவிட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆண்கள்தான் எங்கும் அதிகம் — இந்த வரி நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 19
அப்பாவுக்கு முதுகுவலி. "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்கிறார், சொல் என்கிற குரலில்.

மார்ச் 24
நாளை மறுநாள் அம்மாவுக்குத் தேர்வு. ஞாயிறன்று எனக்குக் கூட்டம். உரை பாதிகூட ஆகவில்லை. துவைக்காத துணி, கழுவாத பாத்திரம், நடுவில் அப்பாவின் முனகல். "நீ கூப்பிட்டா வருவா" என்றார்.

கூப்பிட்டேன். "அப்பாவால எழுந்திரிக்கவே முடியலம்மா."

காலையில்தான் அவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

மார்ச் 25
அம்மா வந்துவிட்டாள். தோளிலிருந்து பையை இறக்காமலேயே பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஏன் செய்தேன்? அவருக்காகவா? பொய். எனக்கு என் மேசை வேண்டியிருந்தது. நான் மேசையில் உட்கார, அவள் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. இதுக்கா இவ்வளவு படிச்சே? ச்சீ.

மார்ச் 26
தேர்வு நாள். அம்மா அப்பாவின் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 29
பேசினேன். கைதட்டினார்கள். போட்டிருந்த உடை அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

ஏப்ரல் 2
அம்மாவிடம் சொல்லிவிட்டேன் — ஸ்டூல், பல்பு, என் மேசை, எல்லாம். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவர் நாலு தடவை கூப்பிட்டாருடி. நான் அசையல. நீ கூப்பிட்டியேன்னுதான் வந்தேன்."

திட்டியிருக்கலாம். என் துணிகளை மட்டும் மடிக்காமல் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

ஜூன் 15
அடுத்த பயிற்சி வகுப்பில் சேர அம்மா நேற்றுக் கிளம்பிவிட்டாள். இன்று அப்பா இடுப்பைப் பிடித்தபடி வந்தார். "அம்மாவுக்கு ஒரு போன் போடேன்."

"முடியாதுப்பா." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவரே போட்டார். சமையலறை அலமாரியில் மணி அடித்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எந்த விடுதியில் தங்குகிறாள் என்று அவரிடம் சொல்லவில்லையாம்.

என்னிடமும் சொல்லவில்லை.