கல்லில் ஒரு பெயர் குறைகிறது

ஹாமொரி
29 அக்டோபர் 2011, சனிக்கிழமை, மாலை 4.40

அம்மாவுக்கு,

அப்பாவின் கல்லறைக் கல்லில் இருக்க வேண்டிய பெயர்கள் இரண்டு. இன்று நான் எண்ணியது ஒன்று.

காலை ஷிஃப்ட் முடிந்து, சகல ஆத்துமாக்கள் நாளுக்காகக் கல்லைக் கழுவப் போனேன். ஆலைத் தூசி வழக்கம்போல விரல்கனம் படிந்திருந்தது. தேய்க்கத் தேய்க்க அப்பா பெயர் வந்தது. பக்கத்தில், ஊர் வழக்கப்படி முன்கூட்டியே பொறித்து வைத்த உன் பெயரும் பிறந்த வருடமும் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். யாரோ விஷமம் செய்துவிட்டதாக நினைத்து நேரே கல்தச்சர் கெய்ஸாவின் பட்டறைக்குப் போனேன்.

“யாரு செஞ்சது இது?”

“நான்தான்.”

“யாரு சொல்லி?”

“பேருக்குச் சொந்தக்காரங்க சொல்லி. வேற யாரு சொன்னா நான் கை வைப்பேன்?”

செப்டம்பரில் நீ வந்திருந்தபோது சொன்னாயாம். என்னோடு நான்கு நாள் ஒரே மேசையில் சாப்பிட்டாய், ஒரு வார்த்தை இல்லை. செய்ததையாவது கெய்ஸா ஒழுங்காகச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை. முரட்டுச் சக்கரம் போட்டுத் தேய்த்துவிட்டு மெருகே ஏற்றவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், உறையும், வசந்தத்துக்குள் கல் வெடிக்கும்.

திரும்பும் வழியில் மூன்றாம் மாடி யுஸ்டீனா கேட்டாள்: “ஏன்டா வ்ராட்கோ, உங்கம்மா ஆஸ்திரியாவுல மாப்ள பாத்துட்டாளாமே?” புதன்கிழமை ஊரே மெழுகுவர்த்தியோடு அங்கே வரும். உன் பெயரைப் பழையபடி பொறிக்கச் சொல்லி ஜெல்மீரா அத்தை இப்போதே கிளம்பிவிட்டாள்.

ஜனவரியோடு அந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விட்டு வந்துவிடுவதாகச் சொன்னாய். அதை நம்பிச் சமையலறைக் குழாய்களை எல்லாம் மாற்றினேன். இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: வருகிறாயா, இல்லையா? போனில் கேட்டால் “அப்புறம் பேசலாம்” என்பாய். அதனால்தான் இதை, அங்கே மினிபஸ் ஓட்டும் இம்ரோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வ்ராட்கோ

---

6 நவம்பர் 2011

என் செல்ல வ்ராட்கோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே குளிர் வந்துவிட்டது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவுக்குக் காலில் வீக்கம், மற்றபடி சாப்பிடுகிறார். இம்ரோவிடம் பூசணி விதை எண்ணெயும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்திருக்கிறேன். எண்ணெயைச் சூடாக்காதே, கசக்கும். அத்தை சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மற்றதை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா

---

12 நவம்பர் 2011

அம்மாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எண்ணெய் வந்திருக்கிறது.

அத்தை கெய்ஸாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். உறைபனி இறுகுவதற்குள் உன் பெயரை மறுபடி பொறித்துவிடுவார்கள். கல் என் பெயரில் பதிவாகியிருப்பதால், இந்த முறை நான் சரி சொன்னால்தான் கெய்ஸா கை வைப்பாராம். என்ன சொல்லட்டும்? இந்த முறையும் நேரில் பேசுவோம் என்று எழுதினால், சரி என்றுதான் சொல்வேன்.

வ்ராட்கோ

---

20 நவம்பர் 2011

வ்ராட்கோவுக்கு,

சரி என்று சொல்லிவிடாதே.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரத்தில் கல் வந்தது. உன் அத்தைதான் ஏற்பாடு செய்தாள். நீ அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். துணியை விலக்கிப் பார்த்தால் என் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு காலி இடம். எல்லாருக்கும் இப்படித்தான், நானும் பலருடையதைப் பார்த்திருக்கிறேன். என்னுடையதைப் பார்த்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

உன் அப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை. இருபது வருடம் அவர் உலைச் சட்டையைத் துவைத்தேன், அதில் வருத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பூ வைக்கப் போய் என் பெயருக்கும் சேர்த்துத் தூசி துடைத்தேன். ஆலை கேன்டீனில் ஒருநாள் யாரோ சொன்னதற்குச் சிரித்துவிட்டேன். உன் அத்தை காதருகில் வந்து, “கல்லுல பேரு ஏறுனவ இப்படியாடி சிரிப்ப?” என்றாள். அந்த மாதமே இம்ரோவின் பஸ்ஸில் ஏறினேன்.

மாப்பிள்ளை யாரும் இல்லை. யுஸ்டீனாவிடம் சொல்லு, ஏமாந்துபோவாள்.

ஜனவரியில் வரமாட்டேன். இங்கே முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள், ஓர் அறையும் உண்டு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவுக்குப் பூ வைக்க வருவேன். அந்தக் கல்லுக்கடியில் படுக்க வரமாட்டேன். எங்கே என்று இன்னும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கோபப்படு. ஆனால் எழுது.

அம்மா

---

26 நவம்பர் 2011

அம்மாவுக்கு,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. குழாய்க்கு மட்டும் ஆறு சனிக்கிழமை போயின. எனக்குச் சமைக்கவும் தெரியாது.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கெய்ஸாவிடம் போய், கல்லின் முகம் முழுவதையும் மூன்று மில்லிமீட்டர் தேய்த்து இறக்கி மெருகேற்றச் சொல்வேன். அப்பா பெயரை நடுவில் புதிதாகப் பொறிக்கச் சொல்வேன். அவர் ஓர் ஓரத்தில் ஒதுங்கி, பக்கத்தில் யாருக்காகவோ இடம் பிடித்து வைத்ததுபோல இருக்க வேண்டாம்.

2. அத்தையின் முன்பணத்தைக் கெய்ஸா திருப்பித் தருவார். அதை நானே அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கத்துவாள். கத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, உன் மகன் என்ற முறையில் முடியாது என்று சொல்வேன்.

3. உன் அறையை எடுத்துக்கொள்வேன். ஆலைச் சத்தம் அந்தப் பக்கம் குறைவு.

4. டிசம்பர் 23 அன்று இம்ரோவின் பஸ்ஸில் வருவேன். கிறிஸ்துமஸ் கெண்டை மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன், வறுப்பது உன் வேலை. எனக்குத் தரையில் படுக்கை போதும். 27ஆம் தேதி திரும்ப வேண்டும், ஒரு ஆளுக்கு மட்டும்தான் சீட்டு சொல்லியிருக்கிறேன்.

வ்ராட்கோ