சிட்டிபாபுவின் சோதனைகள்

பழைய பெருங்களத்தூர்,
22.6.1997

அன்புமிக்க பூவம்மாள் அக்காவுக்கு,

தையல்நாயகி எழுதுகிறேன். போன வருஷம் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றீர்களே, அப்போது உங்களை உள்ளே அழைத்துப்போன பெண். பழவேற்காட்டில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி சிட்டிபாபுவுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பிரித்தாரா என்றே தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை அக்கா. வெள்ளிக்கிழமை ரயிலில் இறங்க மறந்து பல்லாவரம் வரை போய்விட்டேன். இந்தக் கடிதத்தையும் இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று.

அன்று நீங்கள், "என் தம்பி இன்னா வேலை செய்யறான்னு கேட்டா, கம்ப்யூட்டருக்குள்ள தப்பு தேடறேன்றான். நீயாவது புரியற மாதிரி சொல்லும்மா" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

ஒரு புரோகிராமை நடுவில் நிறுத்தி, எங்கே தப்பு என்று காட்டிக்கொடுக்கும் இன்னொரு புரோகிராம் உண்டு. டீபக்கர் என்போம். ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காக அதைச் செய்கிறோம். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகவே கேள்வி கேட்டு, பதிலைச் சரிபார்க்கும் சோதனைகளை எழுதியவர் உங்கள் தம்பி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, கேள்வியை அனுப்பிப் பதிலை வாங்கித் தரும் பகுதியை எழுதியது நான்.

இந்தச் சோதனைகள் சில நாள் எல்லாம் பாஸ் ஆகும். சில நாள் ஐந்தாறு ஃபெயில் ஆகும். மறுபடி ஓட்டினால் ஃபெயிலானவை பாஸாகி, வேறு இரண்டு ஃபெயிலாகும். மார்ச் மாதம் அமெரிக்காவிலிருந்து வந்தவர் எதிரிலேயே அப்படி ஆனது. அவர் போனதும் மேனேஜர் பட்டாபிராமன் சார் எங்களைக் கூப்பிட்டார். "டெஸ்ட்ல தப்பு இல்ல சார். நடுவுல எங்கியோ உதைக்குது. ரெண்டு வாரம் குடுங்க, கண்டுபுடிக்கிறேன்" என்றார் உங்கள் தம்பி. சார் என் பக்கம் திரும்பினார். "என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றேன். பார்க்காமலே சொன்னேன், அக்கா. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சார் அவரிடம் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனைகள் என் தலையில் வந்து விழுந்தன. அவர் போன பிறகும் அதே கதைதான். மே தினம் எல்லோருக்கும் விடுமுறை. நான் மட்டும் போய் நாற்பது முறை ஓட்டினேன். ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை. அடுத்த நாள் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், காலை பத்தரைக்கே நான்கு ஃபெயில். நாங்கள் எல்லோரும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறோம். அதற்கு வேலை குவிந்தால்தான் இப்படி ஆகிறதோ என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டுமென்றே அதற்கு வெட்டி வேலை கொடுத்துவிட்டு, கூடவே சோதனைகளை ஓட்டினேன். இருபது தடவையில் பதினொரு தடவை ஃபெயில்.

காரணம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் திணறும்போது டீபக்கரின் பதில் இரண்டு துண்டாக வருகிறது. முதல் துண்டைப் பார்த்ததுமே, பதில் முடிந்தது என்று என்னுடைய பகுதி அடுத்த கேள்வியை அனுப்பிவிடுகிறது. மிச்சத் துண்டு அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் நிற்கிறது. பதில் முழுதும் வந்து சேரும்வரை காத்திருக்கும்படி மாற்றினேன். ஆறே வரி. தப்பு என்னுடையது.

அதோடு போகவில்லை. மாற்றிய பிறகும் ஒரே ஒரு சோதனை மட்டும் எப்போதாவது ஃபெயில் ஆனது. ஒரு வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். அது டீபக்கரிலேயே இருந்த நிஜமான கோளாறு. உங்கள் தம்பியின் சோதனை ஜனவரியிலேயே அதைப் பிடித்திருக்கிறது. அது எப்பவும் அப்படித்தான் என்று நாங்கள்தான் ஒதுக்கிவிட்டோம்.

சாரிடம் சொன்னேன். "அதான் இப்ப பாஸ் ஆகுதேம்மா, பழசை எதுக்குக் கிளறணும்?" என்றார். திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோர் எதிரிலும் எழுந்து, தப்பு என்னுடையது, சிட்டிபாபுவுடையது அல்ல என்று சொன்னேன். அமெரிக்காவுக்குப் போன அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். பத்து நாள் சார் என்னோடு பேசவில்லை. பிறகு அங்கிருந்து, அந்தக் கோளாறைப் பிடித்த சோதனையை எழுதியவர் யார் என்று கேட்டுக் கடிதம் வந்தது. இப்போது அவரைத் திரும்ப அழைக்கக் கம்பெனி தனியாகக் கடிதம் போடுகிறது. வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

ஐஸ் ஃபாக்டரியில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். கைக்கு உறை கொடுக்கிறார்களா? வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ தெரியாது. வேலை தெரியாதவன் என்று விரட்டிவிட்டார்கள் என யாராவது பேசினால், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

நீங்களே இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அக்கா. நடுவில் எழுந்தால் அதட்டி உட்கார வையுங்கள். உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். ஆடி கழிந்ததும் என்னைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வருவதாக இருக்கிறார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இதையும் வாசிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். கேட்டு முடித்த பின் அவர் என்ன சொன்னாலும், திட்டினாலும், ஒரு வார்த்தை குறைக்காமல் எனக்கு எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால், அன்றைக்குச் சாப்பிட்டாரா என்றாவது எழுதுங்கள்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
தையல்நாயகி