மூன்று முழுக்கு

ஜன. 30, வெள்ளி

காலையில் பனிமூட்டம். ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து வான் கிளம்பும்போது ஏழேகால். டிரைவர் கான் பாய் ஹோர்னை அடித்துக்கொண்டு "ஜல்தி, ஜல்தி" என்றபடி. சாமான் ஏற்ற மட்டும் இறங்க மாட்டார்.

ஏற்றியவை: துவாய் 40, படுக்கை விரிப்பு 18, பிளீச் 4, பெட்டி பிரிக்காத புதுச் சட்டிகள். மறந்தது: என் செருப்பு.

இடம் மலைக்கு அந்தப் பக்கம், கொர்ஃபக்கான் தாண்டி, கடலை ஒட்டிய வில்லா. ஞாயிறு மதியம் வரை வேலை. துப்புரவு நான், சமையல் பாக்கியம். பாக்கியம் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நாலு வருடமாக என் அறைத்தோழி. நல்லவள், வாய்தான் மூடாது.

கம்பனி தந்த தாளில் 'பெண்கள் ஓய்வு முகாம், 7 பேர்' என்றுதான் இருந்தது. வந்தவர்கள் யூதப் பெண்கள். வெறும் யூத வழி மட்டும் இல்லையாம். மண், மரம், நிலவு எல்லாவற்றையும் கும்பிடுகிற பழைய வழி ஒன்றையும் அதோடு சேர்த்துச் செய்கிறவர்கள். தலைவி பெயர் மிரியம். ஐம்பது வயது இருக்கும், செருப்பில்லாமலே நடக்கிறார். (செருப்பில்லாத இன்னொருத்தி நான்.) "எனக்கு இரண்டையும் விட மனமில்லை, அதனால் சேர்த்துச் செய்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். இதைவிட நேர்மையான விளக்கம் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

புதுச் சட்டி ஏன் என்றும் இப்போதுதான் விளங்கியது. இறைச்சி பட்ட பாத்திரம் கூடாதாம். எங்கள் வீட்டு விரதச் சட்டி மாதிரி.

வேலையாட்களுக்கு இரண்டு அறை. கடலைப் பார்த்த ஜன்னல் உள்ளதைப் பாக்கியத்துக்கு விட்டுக்கொடுத்தேன். "என்னாக்கா, நல்ல ரூம எனக்குக் குடுக்கிறீங்க?" என்று கேட்டாள். சலவை மெஷின் பக்கத்தில் படுத்தால்தான் எனக்கு நித்திரை வரும் என்று ஒரு பொய். மெஷின் சத்தத்தையும் தாண்டி அலை கேட்கிறது.

சூரியன் மறையும் நேரம் விறாந்தையில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினார்கள். கைகளால் அந்த வெளிச்சத்தை மூன்று முறை தங்கள் பக்கம் அள்ளி, கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். ஏழு பேரும். ஒரு சத்தம் இல்லை. பிறகு பறை மாதிரி ஒன்று மெதுவாக. கிழக்கே ஒரு கிண்ணம் தண்ணீர், வடக்கே மண், மற்றப் பக்கங்களில் நெருப்பும் சாம்பிராணியும். ஒவ்வொரு திசைக்கும் திரும்பி, வீட்டுக்கு வந்தவர்களை அழைக்கிற மாதிரி "வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால், கையில் அகப்பையோடு. உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பாண் தலைமுடி மாதிரிப் பின்னியிருந்தது. பின்னல் பாணை இன்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அம்மா போன் எடுத்தா, முல்லைத்தீவிலிருந்து. மழையாம். வைக்கும்போது வழமையான கதை: "வாற மாசிக்குச் சுகிக்கு முப்பத்திமூண்டு." நான் "ஓம் அம்மா" என்றேன்.

தங்கச்சி சுகி. கடல் ஊருக்குள் வந்த காலை அவளுக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. அவள் கை என் கையில்தான் இருந்தது. பிறகு இல்லை. உடல் கிடைக்கவில்லை, அதனால் அம்மா கணக்கை நிறுத்தவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, சாவுத் துடக்குக் கழிக்கவில்லை, அதற்காக யாரும் தலை முழுகவில்லை. இருபத்தொரு வருடமாக நான் கடலில் கால் வைக்கவும் இல்லை. இது பாக்கியத்துக்குக்கூடத் தெரியாது.

ஜன. 31, சனி

வெயில் இதமாக. காற்று இல்லை. துவைத்த துவாய் 14, காய்ந்தது 9.

இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. ஆறு வருட ஷார்ஜாவில் கடலில் விழுவதைத்தான் பார்த்திருக்கிறேன். எழும்புவது எங்கள் ஊரில். துவாயைக் கொடியில் போட்டபடியே நின்றுவிட்டேன்.

பகல் மரங்களுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம். அவர்கள் நாட்காட்டியில் இந்த முழுநிலவோடு மரங்களுக்கு வயது ஏறுகிறதாம். நாளைக்கு எங்களுக்குத் தைப்பூசம், அதே நிலவு. மிரியத்திடம் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குதிக்காத குறை. பதினைந்து வகைப் பழம்: பேரீச்சை, அத்தி, மாதுளை, ஒலிவ்... மீதியின் பெயர் பாக்கியத்துக்கும் தெரியாது, வெட்டினாள். முற்றத்து வேம்பைச் சுற்றி இருந்து சாப்பிட்டு, ஒவ்வொருவராக எழும்பி அதன் காதில் ஏதோ சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். வேம்புக்குக் காது எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் உள்ளே போனதும் பாக்கியம் ஓடிப்போய் மரத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். "சும்மா வுட்டா நல்லாவா இருக்கும்?"

இனி வில்லங்கம்.

நாளை விடிய ஏழு பேரும் கடலில் முழுகுவார்களாம். அதுதான் இந்த முகாமின் முக்கிய காரியமே. தளர்ந்த வெள்ளை அங்கி மட்டும். மோதிரம், தோடு, நகப்பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. மூன்று முறை, தலைமுடி கடைசி இழை வரை உள்ளே போக வேண்டும். பக்கத்தில் ஒருத்தி நின்று பார்த்து, ஒவ்வொரு முறையும் 'கோஷர்' என்று சொல்ல வேண்டும். 'சரி' என்று பொருள். அவள் சொன்னால்தான் கணக்கு.

வில்லாவைப் பார்த்துக்கொள்கிற ஆள் கடற்கரைக் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். விருந்தாளி அல்லாத, நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீரில் நிற்க வேண்டும், அதுதான் இங்கே சட்டம். உடனே பாக்கியம்: "எங்க மலர் அக்கா இருக்காங்களே! கடக்கரை ஊரு. மீன் மாதிரி நீந்துவாங்க!"

குசினிக்குள் இழுத்து வந்து கேட்டேன். "ஆரைக் கேட்டுச் சொன்னனீ? உனக்கென்ன விசரே?"

"ஏன்க்கா, நீங்கதானே சின்னப் புள்ளையில நீந்துவேன்னு சொன்னீங்க?"

"சொன்னனான். இப்ப மாட்டன்."

"நீங்க நிக்கலேன்னா கதவு தொறக்க மாட்டானாம். பாவம்க்கா, அதுக்குன்னே வந்திருக்காங்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் மிரியத்திடம் போனேன். அங்கே ஹன்னா இருந்தாள், கூட்டத்தில் அதிகம் பேசாதவள், என் வயது இருக்கும். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக் காட்டினாள். ஒரு விரல் அகலத்துக்குப் புது மயிர், கோழிக்குஞ்சு மாதிரி. "வைத்தியம் எல்லாம் கலாஸ், முடிந்தது. டாக்டரே சொல்லிவிட்டார். இந்த முடி இன்னும் கடலைப் பார்க்கவில்லை. நாளைக்குக் காட்ட வேண்டும். நீங்கள் நிற்பீர்கள் என்று சொன்னார்கள், நன்றி."

தலையை ஆட்டிவிட்டேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன். கோபம் முழுக்கப் பாத்திரத்தின் மேல்.

பொழுதுபட்டு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் தங்கள் ஓய்வு நாளை அனுப்பிவைத்தார்கள். பல திரி சேர்த்து முறுக்கிய மெழுகுதிரி ஒன்று. ஏலம், கறுவா, கராம்பு போட்ட சின்னப் பெட்டியைக் கைமாற்றி முகர்ந்தார்கள். போகிற நாளை நினைத்து மயங்கிவிடாமல் இருக்கத்தான் வாசனையாம். ஹன்னா பெட்டியை என்னிடம் நீட்டினாள். முகர்ந்தேன். அம்மாவின் குசினி.

எனக்குப் பயம். எழுதிவைக்கிறேன்: எனக்குப் பயம்.

பிப். 1, ஞாயிறு

பூசம். ஐந்தரைக்கு எழும்பினேன். குளிர்.

கதவு திறந்தது. முன்னே கடல் சாம்பல் நிறம். பின்னே கருமலைக்கு மேல் நிலவு முழுசாக, இறங்கப் போகிறது. ஒரு பக்கம் நிலவு, மறு பக்கம் இன்னும் வராத சூரியன், நடுவில் வெள்ளை அங்கியில் ஏழு பெண்கள். இப்படி ஒன்றை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பாக்கியம் வாயை மூடியதையும் முதல்முறை பார்த்தேன்.

இறங்கினேன். எப்படி என்று கேட்டால் தெரியாது. முதலில் கணுக்கால், முழங்கால், பிறகு இடுப்பு. பல் கிடுகிடு. கடல் ஒன்றும் செய்யவில்லை.

மிரியம் முதலில் முழுகிவிட்டுக் கரைக்குப் போனார். அங்கிருந்து செபத்தைச் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கரையிலிருந்து முடி தெரியாது, அதனால் பார்ப்பதும் நான்தான், சொல்வதும் நான்தான். தலை போகும், வரும். "கோஷர்!" ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் எல்லாரும் சட்டென்று வந்துவிட்டார்கள். மிரியத்தோடு ஆறு பேர், பதினெட்டு முறை.

கடைசியாக ஹன்னா. சிரித்தபடி போனாள். வரவில்லை. தண்ணீருக்குள் அவள் அங்கி விரிந்து ஆடுகிறது. இன்னும் வரவில்லை. பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

இருமிக்கொண்டு எழும்பினாள். கரையிலிருந்து மிரியம்: "அது கணக்கில்லை. நீங்கள் பிடித்த இடத்தில் தண்ணீர் படவில்லை. மறுபடி முதலிலிருந்து. கையை விடுங்கள்."

நான் விடவில்லை. "விட்டாப் போயிடுவாள்!" என்று கத்தினேன், தமிழில். கரையில் விளங்கியது பாக்கியத்துக்கு மட்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள்.

ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். கையை உருவவில்லை. "உள்ளே அமைதியாக இருந்தது, அதனால்தான் நின்றேன். இந்த முறை எண்ணுங்கள். ஐந்துக்குள் வந்துவிடுவேன்."

என் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு கையாலும் என் சட்டையையே பிடித்துக்கொண்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

வந்தாள்.

"கோஷர்" என்றேன். இரண்டாவது முறை போனாள், வந்தாள். மூன்றாவது முறை கடலிலிருந்து சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது, அவள் அதற்கு நேரே எழும்பினாள். கோழிக்குஞ்சு மயிரெல்லாம் பொன். நான் அழுதேன். போனவள் திரும்பி வருவதை நான் மூன்று முறை பார்த்தேன்.

எல்லாரும் கரையேறினார்கள். நான் நின்றேன். மிரியம் கேட்டார், "நீங்களும் முழுக வேண்டுமா?"

"எனக்கு உங்கள் செபம் தெரியாது."

"உங்களுடையது தெரியுமே."

முழுகினால் சுகி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு தோட்டைக் கழற்றினேன், மணிக்கூட்டை, ஊசி குத்தியிருந்த சங்கிலியை. பாக்கியம் முழங்கால் வரை வந்து வாங்கினாள். "எங்க ஊருல தண்ணின்னா பைப்புல வர்றதுதான்" என்கிறவள் அவள். நடுங்கிக்கொண்டே நின்றாள்.

"நீ பாத்துச் சொல்லு" என்றேன்.

முதல் முழுக்கு. எழும்பினால் பாக்கியம் கத்துகிறாள்: "முடி மெதக்குதுக்கா! கணக்கில்ல! மறுபடி!"

கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி. சுகி, என்று தண்ணீருக்குள் சொன்னேன். உப்பு வாய்க்குள் போனது. உள்ளே உண்மையிலேயே அமைதிதான்.

"கோசரு!"

மூன்றும் முடிந்தது.

மதியம் விரிப்பெல்லாம் உருவினேன். துவாய் 39. ஒன்றை ஹன்னா கேட்டாள், கொடுத்துவிட்டேன். கம்பனிக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

திரும்பும் வான், பாக்கியம் என் பக்கத்து சீட்டில். மலையைக் குடைந்த பாதைக்குள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப். 2, திங்கள்

தூசிக் காற்று. டியூட்டி ஆறரைக்கு, முசஃபாவில் வேறு வேலைக்கு இரண்டு பேர் போய்விட்டதால் இரட்டை வேலை. சூப்பர்வைசர் துவாய் எண்ணினார். 39. காற்றில் போய்விட்டது என்றேன். தலை இன்னும் அலசவில்லை, முடி கயிறு மாதிரி.

மாலை அம்மா வீடியோவில்.

"தலை என்ன இப்பிடிக் கிடக்கு, பிள்ளை?"

"கடல் தண்ணி அம்மா. நேற்று முழுகினனான்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, கண்ணிமைக்கிறா.

"எத்தினை தரம்?"

"மூண்டு."

"தலை முழுசாத் தண்ணிக்கை போனதோ?"

"ஓம் அம்மா. பாக்கியம் நிண்டு பாத்தவள்."

பின்னால் மழைச் சத்தம். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"அப்ப சரி" என்றா.